பூங்காப் பணியாளர் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊர் நகராட்சி, மாநகராட்சிப் பூங்காக்களில் பயிற்சி என்றால் பெரும்பாலும் மார்ச் மாதம்தான். நிதியாண்டு முடிவதற்குள் ஒரு மண்டபம் பிடித்து, காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை வரை உரை. முடிவில் சான்றிதழ், குழுப் புகைப்படம். மறுநாள் பூங்காவுக்குப் போனால் ஊஞ்சல் கொக்கி அதே தேய்மானத்தோடு தொங்கும், மரக்கிளை அதே தவறான இடத்தில் வெட்டப்படும். பேசியவர் நன்றாகத்தான் பேசியிருப்பார். யாருக்கு, எங்கே, எப்போது, எதை வைத்துக் கற்றுக்கொடுப்பது என்பதில்தான் பிழை.

தவறான ஆளை அனுப்புவது

பயிற்சிக்கு இளநிலைப் பொறியாளர் (ஜே.இ.) போகிறார், மேற்பார்வையாளர் போகிறார். காலை ஐந்து மணிக்குக் கேட்டைத் திறக்கும் காவலாளியும், பெருக்கும் பெண்களும், தோட்டக்காரரும் போவதில்லை. கேட்டால், 'அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள்' என்று பதில் வரும். ஆனால் உடைந்த பலகையையும் சாய்ந்த கம்பத்தையும் முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

விளையாட்டுத் திடல்களுக்கான ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1176 ஆய்வை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. முதலாவது, கண்ணால் பார்க்கும் வழக்கமான சோதனை. கூட்டம் அதிகம் வரும் இடங்களில் இதைத் தினமும் செய்ய வேண்டும். இரண்டாவது, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போல்ட், பேரிங், சங்கிலித் தேய்மானம் ஆகியவற்றைப் பார்ப்பது. மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு முறை அடித்தளம் வரை முழுச் சோதனை. முதல் அடுக்குக்குப் பொறியாளர் தேவையில்லை, கேட்டைத் திறப்பவருக்குப் பத்து நிமிடம் போதும். இரண்டாவது, பராமரிப்புத் தொழில்நுட்ப ஊழியருடைய வேலை. மூன்றாவதை, அந்தச் சாதனத்தை நிறுவியவரோ பராமரிப்பவரோ அல்லாத வேறொருவர் செய்ய வேண்டும். இந்த மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே பாடத்தை நடத்தினால் யாருக்கும் எதுவும் ஒட்டாது.

படத்தில் காட்டிவிட்டுப் போவது

பூங்கா வேலை கையால் செய்கிற வேலை. திரையில் ஊஞ்சலின் படத்தைக் காட்டுவதைவிட அரை மணி நேரம் ஊஞ்சலுக்குக் கீழே நிற்கவைப்பது மேல். உண்மையில் சொல்லித்தர வேண்டியவை இவை:

ஊஞ்சலைத் தாங்கும் 'எஸ்' வடிவக் கொக்கியின் வாய் மூடியிருக்க வேண்டும். இடைவெளி 1 மி.மீ.க்கு மேல் இருந்தால் குழந்தையின் உடை சிக்கும், ஆட்டத்தின் நடுவில் சங்கிலியும் கழன்றுவரலாம். இதற்குக் கருவி வேண்டாம். ஏ.டி.எம். கார்டின் தடிமன் 0.76 மி.மீ. கார்டு நுழையவில்லை என்றால் கொக்கி சரி. எளிதாக நுழைந்து ஆடினால் அன்றே இறுக்க வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். கொக்கியும் சங்கிலியும் உரசும் உட்பக்கத்தை விரலால் தடவச் சொல்லுங்கள். தேய்மானம் அங்கேதான் பள்ளமாக விழும், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது. அதனால் ஏணியில் ஏறித் தொட்டுப் பார்ப்பதையும் பயிற்சியிலேயே பழக்க வேண்டும்.

அடுத்தது தலை சிக்கும் இடைவெளி. 89 மி.மீ.க்கு மேலும் 229 மி.மீ.க்குக் கீழும் உள்ள திறப்பு ஆபத்தானது. குழந்தையின் உடல் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். கால் தரையைத் தொடாவிட்டால் கழுத்து இறுகும். ஏணிப் படிகள், தடுப்புக் கம்பிகள், சறுக்குமரத்தின் மேல் மேடை ஆகியவற்றில் இந்தக் குறை அதிகம். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்த சாதனங்களைக் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும். தச்சரிடம் சொல்லி 89 × 157 மி.மீ. முகமுள்ள ஒரு மரக்கட்டையும், 229 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டப் பலகையும் செய்துகொள்ளுங்கள். கட்டை நுழைந்து வட்டம் நுழையாத திறப்பு எதுவானாலும் தோல்வி. ஒவ்வொரு பணியாளரும் தன் கையால் பத்து இடங்களில் நுழைத்துப் பார்த்தால் அதன் பிறகு மறக்காது.

தரையைப் பயிற்சியில் யாரும் தொடுவதே இல்லை, அடிபடுவதோ அங்கேதான். ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் கீழே சிமெண்டுக் கல் பதித்த பூங்காக்கள் இன்னும் இருக்கின்றன. மணல் கொட்டிய இடத்திலும் பாதி மணல்தான் வேலை செய்கிறது. ஐரோப்பிய நெறிப்படி 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு 20 செ.மீ. ஆழ மணலும், 3 மீட்டருக்கு 30 செ.மீ. ஆழமும் வேண்டும். கால் பட்டு விலகுவதை ஈடுகட்ட இன்னும் 10 செ.மீ. சேர்க்க வேண்டும். அமெரிக்க நெறி இன்னும் கடுமை: சுமார் 23 செ.மீ. மணலை 4 அடி உயர வீழ்ச்சிக்கு மட்டுமே அது ஏற்கிறது. எதைப் பின்பற்றினாலும் மணலில் தூளும் களிமண்ணும் இருக்கக் கூடாது. தூள் கலந்த எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கொட்டினால் இரண்டு மழைக்குப் பிறகு அது தளம் மாதிரி இறுகிவிடும். கம்பத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, மணல் அந்தக் கோடு வரை இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பெருக்கும் அம்மா காலையில் ஊஞ்சலுக்கு அடியில் விழுந்த குழியை மண்வெட்டியால் இழுத்து மூடிவிடலாம். சாதனத்தைச் சுற்றி 1.8 மீட்டருக்குள் சிமெண்டு பெஞ்ச், கரைக்கல், விளக்குக் கம்பம் எதுவும் இருக்கக் கூடாது. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இந்தத் தூரம் இன்னும் அதிகமாக வேண்டும்: ஊஞ்சல் மாட்டிய கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப் போல இரண்டு மடங்கு.

கம்பம் கான்கிரீட்டைத் தொடும் இடத்தில் தண்ணீர் தேங்கும், துரு அங்கேதான் தொடங்கும். சுதந்திர தினத்துக்கு முன்னால் மேலே பெயின்ட் அடித்துவிட்டால் அந்தத் துரு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தின்னும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார்க்கும் பழக்கத்தைச் சொல்லித்தர வேண்டும்.

அதிகாரம் கொடுக்காமல் அறிவை மட்டும் கொடுப்பது

காவலாளி உடைந்த ஊஞ்சலைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்து என்ன? மேலிடத்துக்குச் சொல்லி, அங்கிருந்து பதில் வரும்வரை குழந்தைகள் அதில்தான் ஆடுவார்கள். சந்தேகம் வந்த நிமிடமே அந்த ஊஞ்சலைக் கட்டிவைக்கும் உரிமை அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். காவலறையில் இரண்டு மீட்டர் சங்கிலி, பூட்டு, சிவப்பு நாடா ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். பயிற்சியில் அவரையே கட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு தேதி, சாதனம், குறை, புகைப்படம் ஆகிய நான்கையும் பதிவேட்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடட்டும். சரிசெய்தவர் அதே இடத்தில் கையெழுத்திட்டு முடிக்க வேண்டும். 'தவறாகக் கட்டிவைத்துவிட்டார்' என்று ஒரு முறை திட்டினால், அடுத்த முறை அவர் கண்டும் காணாமல் போய்விடுவார்.

பருவம் தெரியாமல் நடத்துவது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். மரப் பயிற்சியை நவம்பரில் வைத்தால், விழ வேண்டிய மரம் விழுந்த பிறகுதான் பாடம் நடக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் மரம், பிப்ரவரி, மார்ச்சில் வெயிலும் தண்ணீர்ப் பராமரிப்பும், கோடை விடுமுறைக்கு முன்பு விளையாட்டுச் சாதனங்கள் என்று நாட்காட்டி போட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையின் சாலைகளும் பூங்காக்களும் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தன. வேர் பரவ இடமில்லாமல் அடிவரை சிமெண்டு போடப்பட்ட மரங்களும், எளிதில் முறியும் மயிற்கொன்றை போன்றவையும் அதில் அதிகம் அடிபட்டன.

கவாத்து, அதாவது கிளை வெட்டிச் சீராக்கும் வேலை செய்வதில் நம் ஆட்களுக்குக் கைத்திறமைக்குக் குறைவில்லை, முறையில்தான் பிழை. கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் பாதியில் கிளை முறிந்து தண்டின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டு வேண்டும். தண்டிலிருந்து 30 முதல் 45 செ.மீ. தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில், கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு முதல் வெட்டு. அதற்குச் சில செ.மீ. வெளியே, மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை சுத்தமாக விழுந்துவிடும். மிச்சமுள்ள குட்டைத் துண்டை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் வீங்கியிருக்கும் பகுதிக்கு வெளியே மூன்றாவது வெட்டில் எடுக்க வேண்டும்.

அந்த வீக்கத்தைச் சேர்த்துத் தண்டோடு தண்டாக இழைத்து வெட்டுவதுதான் இங்கே பரவலாக நடக்கும் தவறு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காயத்தை மூடவும் அழுகலை உள்ளே விடாமல் தடுக்கவும் மரம் வைத்திருக்கும் திசு அந்த வீக்கத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது என்று காட்டினார். வெட்டின் மேல் தார் பூசுவதாலும் அழுகல் நிற்காது. மின்கம்பிக்காக உச்சியை மொட்டையடிப்பது இன்னொரு கேடு. அங்கே கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் வெளிப் பட்டையை ஒட்டி மட்டுமே நிற்கும். சில ஆண்டில் கனத்து, காற்றில் முதலில் முறிபவை அவைதான். இவற்றை ஏற்கெனவே வெட்டிப்போட்ட கிளையிலும், அகற்ற அனுமதி கிடைத்த மரத்திலும் பழக்குங்கள்.

விற்பவரின் விளக்கத்தைப் பயிற்சியாக எண்ணுவது

புல்லும் புதரும் வெட்டும் பிரஷ் கட்டர் வந்த அன்று விற்பனையாளர் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவார். ஸ்டார்ட் செய்வது மட்டும் மனத்தில் நிற்கும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் கலவை 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி., 40:1 என்றால் 25 மி.லி. கையேட்டில் எது இருக்கிறதோ அதுதான் கணக்கு. 'கொஞ்சம் ஊற்று' என்று கலந்தால் குறைவானபோது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதிகமானபோது பிளக் கரி பிடிக்கும். அளவுக் குவளையை மெஷினோடு கட்டித் தொங்கவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் மெஷின் சும்மா கிடக்கும் என்றால் டாங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். ஓட்டுபவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் வரக் கூடாது. கூழாங்கல் அவ்வளவு தூரம் பறக்கும். குழந்தைகள் வரும் நேரத்தில் புல் வெட்ட அனுப்பும் மேற்பார்வையாளருக்குத்தான் இந்தப் பாடம் முதலில் தேவை.

பூச்சிமருந்து பற்றி ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிடலாம். டப்பாவில் உள்ள முக்கோணம் சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை கடைசி. சிவப்பும் மஞ்சளும் குழந்தைகள் புழங்கும் பூங்காவுக்குள் நுழையவே கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. முதலுதவியிலும் கேட்டுத் தெரிந்துகொண்டது போதாது. மூச்சும் நாடியும் நின்றவரின் மார்பை அழுத்தும் முறையைப் பழக, அறுபது பேருக்கு ஒரே பொம்மையை வைத்தால் ஐம்பது பேர் வேடிக்கை மட்டும் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், 5 செ.மீ. ஆழத்துக்கு, ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்க்க வேண்டும். சில மாதங்களில் கை மறந்துவிடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும்.

வருகைப் பதிவை வைத்து மதிப்பிடுவது

எத்தனை பேர் வந்தார்கள் என்பது கணக்கு, கற்றுக்கொண்டார்களா என்பது வேறு. பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்து, பூங்கா திறப்பதற்கு முன், நீங்களே நான்கு குறைகளை உண்டாக்கிவையுங்கள். கட்டிப்போட்ட ஊஞ்சல் ஒன்றின் கொக்கியைச் சற்றுத் திறந்துவிடுங்கள், ஒரு நட்டைத் தளர்த்துங்கள், மணலை விலக்குங்கள், கண்ணாடித் துண்டுபோல் ஒரு பிளாஸ்டிக் சில்லைப் போடுங்கள். எத்தனையைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, நான்கையும் நீங்களே நின்று சரிசெய்த பிறகே கேட்டைத் திறக்க வேண்டும். எது தவறுகிறதோ அதுதான் அடுத்த பாடம்.

ஒப்பந்தம் மாறும்போது மறந்துவிடுவது

ஒப்பந்ததாரர் மாறினால் பழகிய ஆட்களும் பெரும்பாலும் போய்விடுவார்கள், பதிவேடும் அவர்களோடு போகும். டெண்டரிலேயே மூன்று நிபந்தனை வையுங்கள்: பதிவேடு பூங்காவின் சொத்து, புது ஆட்கள் முதல் 15 நாளில் பழைய ஆட்களோடு சேர்ந்து சுற்ற வேண்டும், பயிற்சி நாளுக்கும் முழுக் கூலி உண்டு. கூலி போகும் என்றால் யார்தான் வருவார்கள்? வீட்டு வேலையையும் பார்க்க வேண்டிய பெண்களுக்கு மாலை நேர வகுப்பு ஒத்துவராது, வேலை நேரத்துக்குள்ளேயே நடத்துங்கள்.

பல ஆண்டு தோட்ட வேலை செய்தும் கையில் ஒரு காகிதம்கூட இல்லாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். இந்திய வேளாண் திறன் கவுன்சிலின் 'தோட்டக்காரர்' தகுதிக்கு, முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் வழி இருக்கிறது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. விண்ணப்பத்தை நிரப்பித் தருவது, தேர்வு நாளில் சம்பளத்தோடு அனுப்புவது, சான்று வந்ததும் கூலி அட்டவணையில் ஒரு படி ஏற்றுவது ஆகிய மூன்றையும் மேற்பார்வையாளரின் பொறுப்பாகவே எழுதிவையுங்கள்.