கூட வாழ்பவரை டிபெண்டன்டாகக் காட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கு வரி சீசன் வந்ததும் ஒரு கேள்வி எழும். சம்பாதிக்காத பார்ட்னரை என் வரி ரிட்டர்னில் டிபெண்டன்டாக, அதாவது என் செலவில் வாழ்பவராக, காட்டலாமா? தாராளமாகக் காட்டலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் காலண்டரிலும் கணக்கிலும் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். ரொம்பக் கறார்.

நிறையப் பேர் சறுக்குவது காலண்டரில்தான். சொந்தக்காரர் அல்லாத ஒருவரைக் காட்ட வேண்டுமென்றால், அவர் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை முழு வருடமும் உங்களுடன் குடியிருந்திருக்க வேண்டும். பொங்கல் கழித்துக் குடிவந்தவரை அந்த வருடம் காட்ட முடியாது. மீதி பதினோரு மாதச் செலவும் உங்களுடையதாகவே இருந்தாலும் சரி. பாதி வருடம் தாண்டினால் போதும் என்று சொல்பவர்கள், பிள்ளைகளுக்கான விதியை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். படிப்பு, ஆஸ்பத்திரி, ஆபீஸ் பயணம் என்று தற்காலிகமாக வெளியே இருந்த நாட்களால் பாதகமில்லை. சண்டை போட்டுவிட்டு மூன்று மாதம் தனி வீடு பார்த்துப் போயிருந்தால் அது வேறு கதை.

அப்புறம் வருமானம். 2025-ம் ஆண்டுக்கு, பார்ட்னரின் வரிக்கு உட்பட்ட மொத்த வருமானம் 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். 2024-ல் இது 5,050. பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகையைப் பார்க்கக் கூடாது, பிடித்தத்துக்கு முந்தைய தொகைதான் கணக்கு. காபிக் கடையில் வாரம் பத்து மணி நேரம், மணிக்கு 15 டாலர் என்று வருடம் முழுக்க வேலை பார்த்தாலே 7,800 ஆகிவிடும். வேலை போனவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையும் இதில் சேரும்.

“வாடகை முழுக்க நான்தானே கட்டுகிறேன்” என்பது அடுத்த பொறி. பார்ட்னருக்கு ஆன மொத்தச் செலவில் பாதிக்கு மேல் உங்கள் பணமாக இருக்க வேண்டும். வாடகை மாதம் 1,800 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 21,600, அதில் பார்ட்னரின் பங்கு பாதி, 10,800. சாப்பாட்டில் அவர் பங்கு 3,600. இரண்டும் உங்கள் பணம், ஆக 14,400. ஆனால் அவர் படிப்புக் கடன் வாங்கி 16,000 டாலர் ஃபீஸ் கட்டியிருக்கிறார். திருப்பிக் கட்ட வேண்டியவர் அவர் என்பதால் அந்தக் கடன் அவர் தன் கையிலிருந்து போட்ட பணமாகவே கணக்காகும். மொத்தம் 30,400, பாதி 15,200. எண்ணூறு டாலரில் போச்சு!

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன என்று கேட்டால், வரியில் அதிகபட்சம் 500 டாலர் குறையும். அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு, டிபெண்டன்ட் இருக்கிறாரே என்று ‘ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்’ (குடும்பத்தைத் தாங்குபவர் என்று வரி குறையும் பிரிவு) கட்டத்தை டிக் செய்பவர்கள் உண்டு. பார்ட்னரை மட்டும் வைத்து அந்தத் தகுதி வராது. என்னைக் கேட்டால், இருப்பதிலேயே விலை அதிகமான தவறு இதுதான். பின்னால் பாக்கி வரியோடு வட்டியும் அபராதமும் வந்து நிற்கும்.

நம்மூர்ப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது விசா. எஃப்-1 விசாவில் வந்த இந்திய மாணவர், பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்கு வரிச் சட்டத்தின் கண்ணில் நான்-ரெசிடென்ட், அதாவது அங்கே குடியிருப்பவர் அல்ல. வருடம் முழுக்க ஒரே வீட்டில் இருந்தாலும் அவரைக் காட்ட முடியாது.

இன்னொன்று, சேர்ந்து வாழ்வது அந்த மாநிலச் சட்டத்துக்கு விரோதமாக இருக்கக் கூடாது. சிரிக்க வேண்டாம், மிச்சிகன் தன்னுடைய 1931-ம் ஆண்டுத் தடைச் சட்டத்தை 2023-ல்தான் நீக்கியது.

கம்பெனி ஹெல்த் இன்ஷூரன்ஸில் பார்ட்னரைச் சேர்த்திருந்தால் ஹெச்.ஆரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே அந்த 5,200 டாலர் வரம்பு கிடையாது. மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், அவருக்காகக் கம்பெனி கட்டும் பிரீமியத்தை உங்கள் சம்பளத்தில் ஏற்றி வரி பிடிக்க மாட்டார்கள்.