அமெரிக்கா–சீனா வர்த்தகப் பற்றாக்குறை: விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018-இல் சீனாவுடனான சரக்கு வர்த்தகத்தில் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 419 பில்லியன் டாலர் பற்றாக்குறை இருந்தது; அதாவது, விற்றதைவிட அந்த அளவுக்கு அதிகமாக வாங்கியது. சீனப் பொருட்கள் மீதான அமெரிக்க இறக்குமதி வரிகள் அந்த ஆண்டில்தான் உயரத் தொடங்கின. 2024-இல் பற்றாக்குறை 295 பில்லியனாக இறங்கியது. வரி பலித்துவிட்டது என்று இதை வைத்து முடிவு கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அதே ஆண்டுகளில் வியட்நாமுடனான பற்றாக்குறை சுமார் 40 பில்லியனிலிருந்து 123 பில்லியனாக ஏறியது. மெக்சிகோவுடனானது இரண்டு மடங்கைத் தாண்டியது. அமெரிக்காவின் மொத்தச் சரக்குப் பற்றாக்குறையோ 1.2 டிரில்லியன் டாலரைத் தொட்டது. சீன உதிரிபாகங்கள் வேறு நாட்டில் பொருத்தப்பட்டு, வேறு முத்திரையுடன் அதே துறைமுகத்தில் வந்து இறங்கின. இரு நாட்டுக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அந்தக் கணக்கில் சேவைகளும் சேர்வதில்லை. சேவை வர்த்தகத்தில் அமெரிக்காவுக்கு உபரி.

அடுத்தது, நாணய மதிப்பைக் குறைத்தால் ஏற்றுமதி மலிவாகி, எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் கூடி டாலரின் மதிப்பைக் குறைக்க ஒப்புக்கொண்டன. அப்போது ஒரு டாலர் சுமார் 240 ஜப்பானிய யென். 1988 தொடங்கியபோது 130-க்கும் கீழே. ஜப்பானுடனான அமெரிக்கப் பற்றாக்குறையோ 1985-இல் இருந்த 46 பில்லியனிலிருந்து 1987-இல் 56 பில்லியனாகக் கூடியிருந்தது.

இதைக் காட்டி, அரசுக்கு இதில் பங்கே இல்லை என்று மறுகோடிக்குத் தாவுவதும் பிழை. 2005 ஜூலை வரை சீனா தன் நாணயமான யுவானை டாலருக்கு 8.28 என்ற அளவில் பிடித்து நிறுத்தியது. டாலர்களை வாங்கிக் குவித்ததில் அதன் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2014-இல் 4 டிரில்லியன் டாலரை நெருங்கியது. இது அரசின் கை அல்லாமல் வேறென்ன?

ஆனால் அரசின் வலுவான கை இறக்குமதி வரியிலோ நாணயச் சந்தையிலோ இல்லை. குடும்பங்களின் வரவு செலவில் இருக்கிறது. சீனாவில் குடும்பங்களின் நுகர்வு நாட்டு உற்பத்தியில் சுமார் 40 விழுக்காடு. அமெரிக்காவில் 68 விழுக்காட்டை ஒட்டி. சேமிப்பது சீனர்களின் குணம் என்று சொல்லிவிட்டு நகர்பவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. 2015 வரை வங்கி டெபாசிட் வட்டிக்கு அரசே உச்சவரம்பு வைத்திருந்தது. மக்களின் பணம் மலிவுக் கடனாகத் தொழிற்சாலைகளுக்குப் போனது. ‘ஹூகோ’ எனும் குடிப்பதிவு முறையால், கிராமத்திலிருந்து பெருநகரத்துக்கு வந்து உழைக்கும் தொழிலாளிக்கு அங்கே பிள்ளையின் பள்ளியும் மருத்துவ உதவியும் முழுமையாகக் கிடைப்பதில்லை. நோய்க்கும் முதுமைக்கும் தாமே பணம் சேர்த்தாக வேண்டியவர் எதை வாங்குவார்? உள்ளூரில் விற்காத பொருள் கப்பல் ஏறுகிறது.

மறுபக்கத்தை மறப்பது கடைசித் தவறு. ஒரு நாடு தன் சேமிப்பைவிட அதிகமாக முதலீடு செய்தால், அந்த இடைவெளிக்கு வெளிநாட்டுப் பணம் வந்தாக வேண்டும். நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது சரக்கு, சேவை, வெளிநாட்டு வருமானம் எல்லாம் சேர்ந்த பற்றாக்குறை, அதன் மறுமுகம். அரசு வாங்கும் கடன் நாட்டின் சேமிப்பைக் கரைக்கிறது. 2017 டிசம்பரில் பெரும் வரிக்குறைப்புச் சட்டத்தை நிறைவேற்றித் தன் நிதிப் பற்றாக்குறையை விரித்துக்கொண்ட அதே வாஷிங்டன்தான், ஏழே மாதத்தில் சீனப் பொருட்கள் மீது 25 விழுக்காடு வரி போட்டது. முதல் முடிவு வர்த்தகப் பற்றாக்குறையைப் பெருக்கும் திசையில் இழுத்தது; தலைப்புச் செய்தியானதோ இரண்டாவது முடிவுதான்.