ஒரு மணி நேர மெஷினுக்கு ஒரு மணி நேர டிஸ்க்

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுவது என் வேலை. அதை நிறுவிப் பார்க்க ஒவ்வொரு தடவையும் புத்தம்புதிய லினக்ஸ் மெஷின் வேண்டும், அதாவது என் கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி. முன்பெல்லாம் 20 ஜிபி டிஸ்க் கோப்பை முழுசாக நகலெடுத்துவிட்டுக் காத்திருப்பேன். இப்போது அந்த மெஷின்களை ஓட்டும் கியூஎமு மென்பொருளின் கியூகவ்2 என்ற டிஸ்க் கோப்பு வடிவத்தில், கண் இமைக்கும் நேரத்தில் டிஸ்க் தயார்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஒரே ஒரு தடவை நிறுவி, அப்டேட் எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் ஐடி கோப்பைக் காலியாக்கிவிட்டு அணையுங்கள். இல்லாவிட்டால் இதிலிருந்து பிறக்கும் மெஷின்கள் எல்லாம் ஒரே அடையாளத்தோடு எழும். ஐபி முகவரியில்கூட மோதல் வரலாம். இதுதான் அடிப்படைக் கோப்பு. உடனே இதற்கு 'படிக்க மட்டும்' அனுமதி கொடுத்துவிடுங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒருநாள், ஒரு சின்ன அப்டேட்தானே என்று நான் அடிப்படைக் கோப்பையே நேராக இயக்கிவிட்டேன். அதன்மேல் நின்ற இரண்டு மெஷின்களும் மறுநாள் கோப்பு முறைமைப் பிழையோடு விழுந்தன. ஒவ்வொரு மெஷினுக்கும் அடிப்படைக் கோப்பின்மேல் வைக்கும் தனிக் கோப்புதான் மேலடுக்கு. அதில் இருப்பது மாறிய துண்டுகள் மட்டும், வழக்கமாக 64 கேபி அளவில். மற்றதையெல்லாம் அது அடியிலிருந்துதான் படிக்கிறது. அடி மாறினால் மேலே இருப்பது குப்பை. அப்டேட் வேண்டுமென்றால் புதிய அடிப்படைக் கோப்பு செய்யுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மேலடுக்கு. உருவாக்கும்போது அடிப்படைக் கோப்பின் பாதையோடு அதன் வடிவத்தையும் சொல்லுங்கள், கியூஎமு 6.1 முதல் அது கட்டாயம். பிறக்கும்போது சில நூறு கேபிதான் இருக்கும்.

எங்கே வைப்பது? நான் டெம்ப்எஃப்எஸ்ஸில், அதாவது ராமிலேயே வைக்கிறேன். சும்மா விட்டால் அது ராமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும்: என் 16 ஜிபியில் 8. மெஷின்களுக்கான ராமும் அதே 16-இல்தான் என்பதை மறக்காமல் கணக்குப் போடுங்கள். இடம் தீர்ந்தால் கியூஎமு மெஷினை அப்படியே நிறுத்திவைக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்துக் கொன்றுவிடாதீர்கள். இடம் கொடுத்துத் தொடரச் சொன்னால் போதும்.

சாதா டிஸ்க்கில் வைத்தால், கியூஎமுவின் கேஷ் முறையை (டிஸ்க்கில் எழுதுவதை அது கையாளும் விதத்தை) 'அன்சேஃப்' ஆக்குங்கள். உள்ளிருந்து வரும் 'டிஸ்க்கில் எழுதி முடி' என்ற கோரிக்கைகளை அது கண்டுகொள்ளாது, அதனால் நிறுவல் நன்றாக வேகமெடுக்கும். மின்சாரம் போனால் டிஸ்க் கெடலாம். தூக்கிப்போடும் டிஸ்க்தானே, பரவாயில்லை. அடிப்படைக் கோப்பை உருவாக்கும்போது மட்டும் இந்த முறை வேண்டாம்.

சரி, சோதனை முடிந்ததா? பதிவுக் கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள், மெஷினை அணையுங்கள், மேலடுக்கை அழியுங்கள்.