டெனர் கிட்டாரில் பாட்டுக்குத் துணை

சேலம் அஸ்தம்பட்டி மொட்டைமாடியில் அக்கா பாடுவாள், நான் டெனர் கிட்டார் வாசிப்பேன். நாலே கம்பி, தடித்ததிலிருந்து மெல்லியதுவரை: சி, ஜி, டி, ஏ. அந்த ஏ கம்பி கணீரென்று குரலை மூடிவிடும். அதனால் கீழ்வீச்சில், அதாவது கையைக் கீழ்நோக்கி வீசும்போது, சி, ஜி இரண்டை மட்டும் தொடுங்கள். மேல்வீச்சில் மற்ற இரண்டையும் லேசாக உரசினால் போதும்.

ஆடவேண்டியது மணிக்கட்டு, முழங்கை அல்ல. மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைப் பாட்டா? ஆறு எண்ணி, ஒன்றிலும் நாலிலும் அழுத்துங்கள். கம்பியைத் தொடாத எண்ணிக்கையிலும் கை வெறுமனே ஆடிக்கொண்டே இருக்கட்டும். கை நின்றால் தாளம் தப்பும். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் நாலு கம்பியையும் தாராளமாக வீசலாம். பல்லவி திரும்பும்போது உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கம் வைத்து ஒலியை அடக்கிப் பாருங்கள், அக்காவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் குளிரில் சுருதி நகரும். மேலே போய் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.