ஃபிளாரன்ஸுக்குக் காரில் போகிறீர்களா?

ஃபிளாரன்ஸின் பழைய நகரப் பகுதிக்குள் வாடகைக் காரை ஓட்டிப் போகவே வேண்டாம், முக்கால்வாசித் தெருக்கள் ஸெட்.டி.எல். எனப்படும் கட்டுப்பாட்டு வலயம். அனுமதி இல்லாமல் நுழைந்தால் போலீஸ்காரர் யாரும் மறிக்க மாட்டார், கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும், அவ்வளவுதான். நீங்கள் ஊர் திரும்பி எல்லாம் மறந்தபின் அபராதக் கடிதம் வரும். உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்கு வாடகைக் கம்பெனி தனியாக ஒரு கட்டணம் எடுக்கும், அது வேறு.

நுழைவில் 'வார்க்கோ அத்தீவோ' (நுழைவுக் கண்காணிப்பு செயலில் உள்ளது) என்று சிவப்பில் எரிந்தால் கட்டுப்பாடு அமலில் இருக்கிறது. 'அத்தீவோ' என்பதைப் பார்த்து 'திறந்திருக்கிறது' என்று நினைத்து உள்ளே போகிறவர்கள் ஏராளம். மேப் காட்டும் வழியையும் அப்படியே நம்பாதீர்கள். ஹோட்டல் உள்ளே இருந்தால், பெட்டிகளை இறக்க உங்கள் கார் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லி முன்பே கேளுங்கள்.

என்னைக் கேட்டால் ஊருக்கு வெளியே உள்ள வில்லா கொஸ்தான்ஸா கார் நிறுத்துமிடம்தான் சரி. ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக உள்ளே போகலாம், காரை விட்டுவிட்டு டி1 டிராமில் ஏறினால் 25 நிமிடத்துக்குள் நகர மையத்திலுள்ள சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையம்.

தெருவிலேயே நிறுத்துவதானால் நீலக் கோடு கட்டண இடம், மஞ்சள் தொடவே கூடாது. வெள்ளை இத்தாலியில் பொதுவாக இலவசம், ஆனால் இங்கே பல இடங்களில் அது குடியிருப்பவர்களுக்கு மட்டும். தெரு கழுவும் நாள் போர்டில் இருக்கும், அதையும் பாருங்கள், காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.