தொடையில ஒட்டுற ஆக்சிஜன் சென்சார்: நம்பரை விடுங்க, கோட்டைப் பாருங்க

மாக்ஸி (Moxy) மாதிரி தசை ஆக்சிஜனை அளக்குற சென்சார் கைக்கு வந்ததும் எல்லாரும் கேக்குற கேள்வி, "எனக்கு 62 சதவீதம் காட்டுது, இது நல்லதா?" தெரியாதுங்க, அந்த 62ஐ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் பாக்குறது தமனி ரத்தத்தை. இது பாக்குறது தசைக்குள்ள இருக்குற குட்டிக் குட்டி ரத்தக்குழாய்ல ஆக்சிஜன் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு, அதாவது வர்ற சப்ளைக்கும் தசை எடுத்துக்குறதுக்கும் நடுவுல உள்ள கணக்கு. சென்சார் தோல் வழியா இன்ஃப்ராரெட் ஒளியை உள்ள அனுப்பும்; ஆக்சிஜன் இருக்குற ஹீமோகுளோபின் ஒரு மாதிரி அந்த ஒளியை உறிஞ்சும், இல்லாதது வேற மாதிரி, அந்த வித்தியாசம்தான் மொத்த டெக்னிக்கும்.

ஒட்டுறதுலதான் பாதி பேர் தப்பு பண்றாங்க. சைக்கிள்காரங்களுக்கு தொடையோட வெளிப்பக்கம், முட்டிக்கு மேல, காலை இறுக்கினா புடைச்சுக்கிட்டு நிக்குமே அந்த இடம். முடியை ஷேவ் பண்ணி, வேர்வையைத் துடைச்சிட்டு ஒட்டுங்க. லைட்டுக்கும் டிடெக்டருக்கும் 25 மி.மீ. இடைவெளின்னா ஒளி உள்ள போறது சுமாரா அதுல பாதி ஆழம்தான், அதனால தோலுக்கடியில கொழுப்பு தடியா இருந்தா நீங்க தசையை விட்டுட்டு கொழுப்பைத்தான் அளந்துட்டு இருப்பீங்க. வெயில்லயும் இன்ஃப்ராரெட் இருக்கு, அதனால மேல கறுப்புத் துணி போட்டு மூடிடுங்க, ஆனா பட்டையை இறுக்கிக் கட்டாதீங்க, ரத்த ஓட்டம் குறைஞ்சு நம்பர் தானா இறங்கிடும். ஸ்கெட்ச் பேனாவால சுத்தி ஒரு கோடு போட்டு வச்சா அடுத்த தடவையும் அதே இடம்.

நல்லா வார்ம்-அப் பண்ணுங்க, அதுல நம்பர் ஏறுறது சகஜம். அப்புறம் 5-1-5ன்னு ஒரு டெஸ்ட்: 5 நிமிஷம் ஒரே வாட்ஸ் (மிதிக்கிற பவர்), 1 நிமிஷம் ரெஸ்ட், திரும்ப அதே வாட்ஸ்ல 5 நிமிஷம், அதுக்கப்புறம் லோடு ஏத்துங்க. கடைசி 2 நிமிஷம், நம்பர் ஏறி இறங்குறதைக் காட்டுற கிராஃப் கோடு படுத்துக்கிட்டா சப்ளை ஈடு கொடுக்குது, இறங்கிக்கிட்டே போனா அந்த வேகத்துல ரொம்ப நேரம் தாங்காது.

இன்டர்வெல் பயிற்சிக்குத்தான் (கொஞ்ச நேரம் வேகமா, கொஞ்ச நேரம் ரெஸ்ட், திரும்ப வேகமா) எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். கடிகாரத்தைப் பாக்காம, ரெஸ்ட்ல கோடு பழைய உயரத்துக்கு ஏறி நின்னதும் அடுத்ததை ஆரம்பிங்க. எவ்ளோ நேரம் நின்னாலும் ஏறலையா, அன்னிக்கு அவ்ளோதான், வீட்டுக்குக் கிளம்புங்க. ரெண்டாவது சென்சார் இருந்தா தோள்ல ஒட்டிப் பாருங்க, மிதிக்கிறதுல தோளுக்குப் பெருசா வேலை இல்லன்னாலும் லோடு ஏற ஏற உடம்பு அங்க போற ரத்தத்தைக் குறைச்சு காலுக்கு அனுப்பும், அந்தக் கோடும் இறங்கும்.