பழைய வெள்ளிச் சிமிழைச் செய்தவர் யார்? பெயரைக் கடைசியில் தேடுங்கள்

பழைய இங்கிலாந்து வெள்ளிப் பெட்டி ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம், அடியில் முத்திரையாகக் குத்தியிருக்கிற இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு அது யாருடைய பெயர் என்று தேட ஆரம்பிப்பது. நானும் அப்படித்தான் செய்து ஒரு வாரத்தை வீணாக்கினேன், ஏனென்றால் ஒரே முதலெழுத்துகளை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களில் பல பேர் பதிவு செய்திருப்பார்கள். ஊர் எது, வருடம் எது என்று தெரிந்த பிறகு தேடினால் அந்தக் கூட்டம் ஒன்றிரண்டு பேராகக் குறைந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று. கறுத்துப் போயிருக்கிறதே என்று உடனே தேய்க்காதீர்கள். முத்திரையின் பள்ளத்தில் தங்கியிருக்கும் கறுப்புதான் எழுத்தைப் படிக்க உதவுகிறது. ஒரு பத்து மடங்கு லென்ஸ் எடுத்துக்கொண்டு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மூடியின் உட்புறம், பெட்டியின் அடி, பெட்டியின் உள்ளே என எல்லா இடமும் பார்க்க வேண்டும். மூடியில் அலங்காரமாகச் செதுக்கியிருக்கும் எழுத்துகள் செய்தவர் பெயர் இல்லை, பெரும்பாலும் அதை வைத்திருந்தவருடையது.

சரி, முத்திரைகளுக்கு வருவோம். நடந்து போகிற சிங்கம் இருந்தால் அது இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அடுத்தது ஊர்: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் ஷெஃபீல்டு. பர்மிங்காமிலும் ஷெஃபீல்டிலும் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகங்கள் 1773இல்தான் வந்தன, அதனால் நங்கூரம் போட்ட பெட்டியைக் காட்டி 'இது 1750ஆம் வருடத்தது' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஷெஃபீல்டின் சின்னப் பொருள்களில் கிரீடமும் வருட எழுத்தும் ஒரே முத்திரைக்குள் சேர்ந்து வருவதுண்டு, இரண்டையும் தனித்தனியாகத் தேடிக் குழம்ப வேண்டாம்.

வருடத்தைக் கண்டுபிடிப்பதுதான் சுவாரசியமான வேலை. ஒவ்வொரு வருடத்துக்கும் ஓர் எழுத்து, வரிசை முடிந்ததும் மறுபடி 'ஏ'யிலிருந்து. பர்மிங்காமில் 'ஏ' என்பது 1773, 1798, 1824, 1849, 1875, 1900 என எதுவாகவும் இருக்கலாம். எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றியிருக்கும் கட்டத்தின் வடிவமும் ஒவ்வொரு சுற்றிலும் மாறும், அதைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். கூடவே ராஜா அல்லது ராணியின் தலை உருவம் இருக்கிறதா என்று பாருங்கள். அது வரி கட்டியாயிற்று என்பதற்கான அடையாளம், 1784 முதல் 1890 வரைதான் போட்டார்கள். தலை இல்லையென்றால் 1773 அல்லது 1900 பக்கம் சாய வேண்டியிருக்கும், விக்டோரியா ராணியின் தலை தெரிந்தால் 1849, 1875 என்ற இரண்டே மிஞ்சும், அப்புறம் எழுத்தின் வடிவம் முடிவு செய்துவிடும். அந்தக் காலத்தில் எழுத்தை ஜனவரியில் மாற்றவில்லை, வருடத்தின் நடுவில் மாற்றினார்கள், ஆகவே ஒரே எழுத்து இரண்டு வருடங்களில் கால் வைத்திருக்கும்.

இப்போது பெயர். நங்கூரத்தோடு 'என்.எம்.' என்று இருந்து, காலமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி என்றால் பர்மிங்காமின் நத்தானியேல் மில்ஸ் பட்டறையை யோசிக்கலாம். மூடியில் வின்ட்சர், வார்விக் போன்ற கோட்டைகளைப் புடைப்பாக வைத்த சிமிழ்களுக்குப் பேர்போன பட்டறை அது. ஆனால் முத்திரைக்குரியவரே உட்கார்ந்து தட்டிச் செய்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லண்டனில் ஹெஸ்டர் பேட்மன் என்ற பெண்மணி, கணவர் இறந்த பிறகு 1761இல் தன் பெயரில் முத்திரையைப் பதிவு செய்தார், பட்டறையில் மகன்களும் வேலைக்காரர்களும் இருந்தார்கள். 'ஹெச்.பி.' முத்திரை இருந்தால் அவர் பட்டறைப் பொருள் என்று சொல்லலாம், அவர் கைப்பட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. விற்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை வசதியாக மறந்துவிடுவார்கள்.

சில பெட்டிகளுக்குப் பெயர் கிடைக்கவே கிடைக்காது. லண்டனில் சிறிய பொருள்கள் செய்தவர்களின் பதிவேடுகளில் 1739 முதல் 1758 வரையிலானது தொலைந்துவிட்டது, பெட்டி செய்தவர்கள் பலர் அந்த வகையில்தான் வருவார்கள். அங்கே ஊரையும் வருடத்தையும் எழுதிவைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், பக்கத்தில் பொருந்துகிற பெயர் ஒன்றை ஒட்டவைக்க வேண்டாம்.

ஏமாற்று வேலையையும் பார்த்துவிட வேண்டும். மூடியிலும் அடியிலும் இருக்கும் முத்திரைகள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா? மூடிக்கு ஒரு வருடம், அடிக்கு வேறொரு வருடம் என்றால் இரண்டு உடைந்த பெட்டிகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள். முத்திரை மட்டும் சின்னத் துண்டாக வெட்டி ஒட்டப்பட்டதா என்று அறிய அந்த இடத்தில் வாயால் ஊதி ஆவி படியவிடுங்கள், பொடி வைத்துப் பற்றவைத்த கோடு இருந்தால் ஒரு நொடி எட்டிப்பார்க்கும். மூடியின் நடுவே விரலால் மெல்ல அழுத்தும்போது தகடு வளைந்து கொடுத்தால், பழைய பெயரைச் சுரண்டி அழித்திருக்கிறார்கள். காந்தச் சோதனையை நம்பவே வேண்டாம், முலாமுக்கு அடியில் இருக்கும் செம்பும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. தனித்தனிக் கட்டங்களில் 'இ.பி.என்.எஸ்.' என்று இருந்தால் அது வெள்ளி முலாம் பூசியது, அவ்வளவுதான்.

எல்லாம் படித்து, படமெடுத்து வைத்த பிறகு வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுக் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், கீலில் ஈரம் தங்கக் கூடாது. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு ஊறவைக்கிற வித்தை வேண்டாம், வேலைப்பாட்டுக்கு ஆழம் தருவதற்காக வேண்டுமென்றே விட்ட கறுப்பையும் அது உரித்துவிடும். உள்ளே தங்க முலாம் இருந்தால் தேய்க்கவே கூடாது. வாசனை வினிகரில் நனைத்த பஞ்சை வைத்துக்கொள்ளும் சிமிழ்களில், வினிகர் வெள்ளியை அரிக்காமல் இருக்கப் பூசிய மெல்லிய படலம் அது, போனால் போனதுதான். ரப்பர் வளையம் மாட்டிப் பூட்டிவைக்காதீர்கள், ரப்பரில் இருக்கும் கந்தகம் அந்த இடத்தில் கறுப்புக் கோடு போட்டுவிடும்.